கப்பல் போனும் மேகப் படமும்

கல்யாணமான பதினோராம் மாதம் என் வீட்டுக்காரர் கப்பலுக்குப் போனார். விருதுநகரில் வத்தலும் எள்ளும் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம் அவருடையது. அண்ணன்மார் இரண்டு பேரும் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் வத்தல் நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி இன்ஜின் வேலை படித்துவிட்டார். சரக்குக் கப்பலின் அடிவயிற்றில், இன்ஜின் அறையில் வேலை. ஒருமுறை ஏறினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார்.

மாமியார் தன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னார். எனக்கு வேலை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீசில். விருதுநகரிலிருந்து தினமும் போய்வர முடியாது என்று சொல்லி, சிவகாசியிலேயே ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டேன். அது பாதிக் காரணம்தான். பெரிய குடும்பத்துக்கு நடுவில், ஊரில் இல்லாத ஒருவருடைய மனைவியாக நடமாட எனக்குக் கூச்சமாக இருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலை காலியாக இருப்பதை எல்லாரும் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். தனியாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

காலை ஏழரைக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வரும். வெடிமருந்து அறைக்குப் போகும் பெண்கள், திரி கட்டும் பெண்கள், பெட்டி ஒட்டும் பெண்கள் என்று இருபது பேர் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஆபீசுக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். லோடு ஏற்றுகிற லாரிகளுக்குத் தாள்கள் டைப் அடிப்பது என் வேலை. அவர்கள் ஒருவருக்கொருவர் மடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். என் தோளில் யாரும் சாய்ந்ததில்லை. ஆபீஸ் அக்கா என்று கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்கள்.

அவர் போய் மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, நீளமாக ஏதோ ஓர் எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான்தான்" என்றார்.

"எங்க இருக்கீக? சாப்பிட்டீகளா?"

பதில் இல்லை. லைன் போய்விட்டதோ என்று "கேக்குதா?" என்றேன். நான் கேட்கிற அதே நேரத்தில் "சாப்பிட்டேன், நடுக்கடல்ல" என்று அவர் குரல் வந்து மோதியது. இரண்டு பேரும் நிறுத்தினோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மறுபடி தொடங்கினோம். வரப்பில் எதிரெதிரே வருகிற இருவர் ஒரே பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அப்படி. பேச நினைத்தது ஒன்றும் பேசாமலே அவர் வாங்கியிருந்த போன் கார்டில் இருந்த நேரம் தீர்ந்துபோனது.

அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதைதான். நான் எதைக் கேட்டாலும் ஒரு சின்ன இடைவெளி விட்டுத்தான் பதில் வந்தது. புதுப் பெண்டாட்டிக்கு அந்த இடைவெளி போதும், என்னென்னவோ நினைக்க. "ஒடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டால், ஒரு மௌனம். பிறகு "நல்லா இருக்கேன்." எதையோ மறைக்கிறார் என்று தோன்றும். "எப்ப வருவீக?" என்று கேட்டால், ஒரு மௌனம். வர மனமில்லையோ என்று தோன்றும். நாலாவதோ ஐந்தாவதோ ஞாயிறு நான் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் யோசிச்சு யோசிச்சுப் பேசுறீக? என்கூடப் பேசப் பிடிக்கலையா?"

வழக்கமான இடைவெளி. பிறகு அவர் சிரித்தார்.

"யோசிக்கலடி. நீ சொல்றது எனக்கு வந்து சேரவே நேரமாகுது. கப்பல்ல கரண்ட் வேலையப் பாக்குற ஆபீசர்கிட்ட கேட்டு அடுத்த வாரம் வெவரமாச் சொல்றேன்."

சொன்னபடியே கேட்டுக்கொண்டு வந்தார். அந்த ஞாயிறு முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம்.

"இந்தப் போன் கம்பி வழியா வரல. பூமத்திய ரேகைக்கு நேர் மேல ஒரு செயற்கைக்கோள் இருக்கு. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஒசரத்துல. நான் பேசுறது அங்க போயி, அங்கிருந்து கீள ஒரு ஸ்டேஷனுக்கு எறங்கி, பெறகுதான் ஒனக்கு வருது."

"அம்புட்டுத் தூரமா?"

"ஏற முப்பத்தாறு, எறங்க முப்பத்தாறு. வெளிச்சம் போற வேகத்துல போயும் கால் நொடி ஆகுது. நீ சொல்ற பதிலுக்கு இன்னொரு கால் நொடி. நடுவுல மெஷினுக எடுக்குற நேரம் வேற."

"கொஞ்சம் பக்கத்துல கொண்டாந்து வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அது முட்டாள்தனமான கேள்வி என்று நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

"இதையேதான் நானும் கேட்டேன். பக்கத்துல இருந்தா வேகமாச் சுத்துமாம். ரொம்பப் பக்கத்துல இருக்கிறது ஒன்னரை மணி நேரத்துல பூமியச் சுத்திரும். இப்ப தலைக்கு மேல இருக்கும், கொஞ்ச நேரத்துல காணாமப் போயிரும். தள்ளிப் போகப் போக மெதுவாச் சுத்தும். இந்த ஒசரத்துலதான் ஒரு சுத்துக்குச் சரியா ஒரு நாள் ஆகுது. பூமியும் ஒரு நாள்ல ஒரு தரம் சுத்துது. ரெண்டும் ஒண்ணாச் சுத்துறதுனால, கீள இருந்து பாத்தா ஒரே எடத்துல நின்னுக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும். மூணு இருந்தாப் போதும், ரெண்டு துருவத்தத் தவிர உலகம் பூராத்தையும் பாத்துக்கிறலாம்."

கப்பலின் உச்சியில் வெள்ளையாக ஒரு கூண்டு இருக்கிறதாம். அதற்குள் ஒரு சின்ன டிஷ். அலையில் கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அதற்குத் தகுந்தாற்போல டிஷ் திரும்பி, வானத்தில் அந்த ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்குமாம். கப்பல் ஒரு குறிப்பிட்ட திசைக்குத் திரும்பினால் அதன் புகைக்கூண்டே குறுக்கே வந்து மறைத்துவிடும். அப்போது லைன் போய்விடும். அதனால் திடீரென்று பேச்சு நின்றால் பயப்பட வேண்டாம் என்றார்.

பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒருவர் பேசி முடித்ததும் "சரி" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர் தொடங்க வேண்டும். "மழை பெஞ்சுச்சு, சரி." "இங்க வெயிலு, சரி." கேட்கிறவர்கள் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அன்பாக ஒரு வார்த்தைகூட நாங்கள் பேசிக்கொள்ளாத அந்த ஞாயிறுதான் எனக்கு ரொம்ப நாள் நினைவில் நின்றது. போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாது என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

அதன்பிறகு ஆபீஸ் கூரையில் இருந்த டிவி டிஷ்ஷைக்கூடக் கவனிக்க ஆரம்பித்தேன். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் இங்கே டிஷ்கள் கிட்டத்தட்ட மல்லாந்து வானத்தைப் பார்த்துக் கிடக்கும். வடக்கே போகப் போக அவை நிமிர்ந்து நிற்கும் என்று அவர்தான் சொன்னார். மார்ச் மாத நடுவில் ஒரு சில நாள், நண்பகலை ஒட்டி ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் ஆபீஸ் டிவியில் படம் உடைந்து போகும். செப்டம்பர் கடைசியிலும் அப்படித்தான். டிஷ் பார்க்கிற அந்த இடத்துக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது, அந்த இரைச்சலில் செயற்கைக்கோளின் சின்னக் குரல் டிஷ்ஷுக்குக் கேட்காமல் போகிறது. இதை ஆபீசில் சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை. கேபிளை ஆட்டிப் பார்த்தார்கள், படம் வந்தது, ஆட்டியதால் வந்தது என்று சொல்லிக்கொண்டார்கள்.

மேகப் படம் பார்க்கும் பழக்கமும் அவரால் வந்ததுதான். புயல் சீசனில் கப்பலுக்கு வானிலைப் படம் வரும் என்று ஒருமுறை சொன்னார். அவர் இருக்கும் கடலில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாமே என்று நான் போனில் தேடினேன். வானிலைத் துறையின் பக்கத்தில் கிடைத்தது. அவர் இருந்த கடல் அந்தப் படத்துக்குள் வரவே இல்லை. படத்தை எடுக்கிற செயற்கைக்கோள் வேறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் இந்தியா முழுவதும் வந்தது. அதே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில் நின்றுகொண்டு அரை மணிக்கு ஒரு படம் எடுக்கிறது. நின்ற இடத்திலிருந்தே எடுப்பதால், படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் கரை அசையாது, மேகம் மட்டும் நகரும். வெப்பத்தை வைத்து எடுக்கும் படம் ஒன்று உண்டு. உயரமாக எழும்பிய மேகத்தின் உச்சி குளிர்ந்திருக்கும். அது படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றி, அரை மணியில் இரண்டு மடங்காகப் பெருத்தால், அங்கே இடியும் மழையும் வரப்போகிறது என்று அர்த்தம்.

படத்தின் மூலையில் நேரம் போட்டிருக்கும். அது நம் நேரமல்ல. ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சாயங்காலம் பேச ஆள் இல்லாதவளுக்கு நேரம் நிறைய இருந்தது.

பட்டாசு வேலையில் மழை என்பது வேறு சமாச்சாரம். மருந்து ஏற்றிய சரக்கை வெயிலில் காய வைக்க வேண்டும். அறைகளுக்கு வெளியே திறந்த களங்களில் தட்டுத் தட்டாக விரித்திருப்பார்கள். நனைந்தால் சரக்கு கெட்டது மட்டுமல்ல, ஈரம் பட்ட மருந்து சில நேரம் தானாகவே சூடேறும். மின்னல் அதைவிட மோசம். செப்டம்பர் மாதம் தீபாவளி ஆர்டர் மொத்தமும் நெருக்கும். மதியத்துக்கு மேல் இடி மழை வருவதும் அதே மாதம்தான். எப்போது விரிப்பது, எப்போது அள்ளுவது என்பதைக் களத்துப் போர்மேன் அண்ணாச்சி மேற்கே அண்ணாந்து பார்த்து முடிவு செய்வார். இருபது வருஷ அனுபவம். பத்துக்கு ஏழு சரியாக இருக்கும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணாச்சி, ராஜபாளையம் மலைப் பக்கம் ஒண்ணு கெளம்பி இருக்கு. நம்ம பக்கந்தான் வருது. மூணு மணிக்குள்ள அள்ளிருங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். சுத்தமாக வெயில்.

"ஏத்தா, டைப் அடிக்கிறவ மேகத்தப் பத்திப் பேசுற?"

போனை அவரிடம் நீட்டிப் படங்களைத் தள்ளிக் காட்டினேன். அவர் போனை வாங்கி, தானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். அன்றைக்கு அள்ளச் சொன்னார். என்னை நம்பி அல்ல, எதற்கும் இருக்கட்டும் என்று. மூன்றே காலுக்குக் காற்று அடித்தது, மூன்றரைக்குக் கொட்டியது. மறுநாள் காலை நான் வேனை விட்டு இறங்கியதும் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார்.

"இன்னைக்கு எப்படி?" என்றார்.

அப்படித்தான் ஆரம்பமானது. காலை பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு, ஒன்றரைக்கு என்று தினம் மூன்று தடவை அவருக்குப் போனில் குரலைப் பதிந்து அனுப்புவேன். அவர் அதைத் தன் மைத்துனர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினார். அங்கிருந்து இன்னொன்றுக்குப் போனது. இரண்டாவது வருஷம் எத்தனை களங்களில் என் குரல் கேட்டது என்று எனக்கே தெரியாது. மேகத்தக்கா என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். என்னை அவர்களில் யாரும் பார்த்தது கிடையாது.

ஒருமுறை சிவகாசிப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் போனைக் காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே இருந்து என் குரல் வந்தது. "ரெண்டு மணி வரைக்கும் பயமில்லை, அதுக்கு மேல கெளக்கே ஒரு கண்ணு வச்சுக்கோங்க." அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனைப் பைக்குள் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நிக்கிறீகளா, பஸ் வருது" என்றார். தள்ளி நின்றேன். அது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நம்புவாரா என்ற சந்தேகம் ஒரு பக்கம். நம்பினாலும், அதற்குப் பிறகு இருவரும் என்ன பேசுவோம்?

மூன்றாவது வருஷம் செப்டம்பரில்தான் அது நடந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்து ஆபீசில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்றரை மணிப் படத்தை அவசரமாகத் திறந்தேன். மலைப் பக்கம் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. "இன்னைக்குப் பயமில்லை, சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தாள்களில் முகத்தைப் புதைத்தேன். மூலையில் இருந்த நேரத்தை நான் பார்க்கவில்லை. அது பதினொன்றரை மணிப் படம். அதற்குப் பிறகு புதுப் படம் எதுவும் பக்கத்துக்கு வந்து சேரவில்லை. கீழே தரையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் தடங்கல் ஏற்பட்டிருக்க வேண்டும். மேலே இருப்பது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கும்.

இரண்டரை மணிக்கு ஆபீஸ் ஜன்னல் இருண்டது. எழுந்து வெளியே ஓடினேன். எங்கள் களத்தில் அண்ணாச்சி தன் கண்ணையும் நம்புகிறவர் என்பதால் ஏற்கெனவே பாதியை அள்ளியிருந்தார். மற்ற இடங்களில் அப்படி இல்லை. அன்று சாயங்காலம் அண்ணாச்சி வழியாக எனக்குக் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. ஓர் இடத்தில் களம் பூராவும் நனைந்து, சரக்கைப் பாதுகாப்பாக அழிக்க வேண்டியதாயிற்று. இன்னோர் இடத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு பெண் வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது. "மேகத்தக்கா மளை இல்லைன்னுதானே சொன்னாக" என்று யாரோ சொல்வது அந்தக் குரலுக்குப் பின்னால் கேட்டது. திட்டிச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஞாயிறு காலை அவர் போன் செய்தார். மூன்று நாளாக இதைச் சொல்வதற்காகவே காத்திருந்தேன். ஒழுங்காகத் தொடங்கினேன். படம் பழையது என்பதைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், அந்தப் பெண் விழுந்ததைச் சொன்னேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. "சரி" என்று சொல்லவும் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கமும் அமைதி. நான் முடிக்கவில்லை என்று அவர் காத்திருந்தார் போலிருக்கிறது. பிறகு, "ஹலோ? ஹலோ?" என்றார். "லைன் போச்சு போல. திரும்பிட்டாங்க கப்பல." பக்கத்தில் இருந்த யாரிடமோ தெளிவாகச் சொன்னார். வைத்துவிட்டார்.

நான் அழுதுகொண்டு நின்றது அவருக்குப் புகைக்கூண்டு மறைத்ததாகப் போய்விட்டது. அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அப்படித்தான் நாங்கள் பேசி வைத்திருந்தோம். மறுபடி கூப்பிடுவாரா என்று ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, அண்ணாச்சியிடம் அந்தப் பெண்ணின் ஊரைக் கேட்டு, பஸ் ஏறினேன்.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து உள்ளே போகிற ஊர். இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல் காடு. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முப்பது வயதிருக்கும் அவளுக்கு. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. யாரு, கம்பெனியில இருந்தா வாறீக?" என்றாள்.

"வேற கம்பெனி. நான்தான் அன்னைக்கு மளை வராதுன்னு சொன்னது."

சட்டென்று அவளுக்குப் புரியவில்லை. என் குரலைக் கொஞ்சம் யோசித்தாள். முகம் மாறியது.

"மேகத்தக்காவா? நீங்களா?" என் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "நான் கொரல வச்சு வயசான ஆளுன்னுல்ல நெனச்சேன்."

"தப்பு என்மேலதான். பழைய படத்தப் பாத்துட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

"வலிக்கத்தான் செய்யுது" என்றாள். "ஆறு வாரம் வேலைக்குப் போக முடியாது. சீசன் நேரம்." மறுபடி காயை எடுத்தாள். ஒரு கையால் நாரை உரிக்க வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து கிள்ளி முடித்தோம். அவள் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

கிளம்பும்போது கேட்டாள்: "தனியாவா வந்தீக?"

"ஆமா."

"வீட்டுல யாரு இருக்கா?"

"வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு."

"எம்புட்டு நாளைக்கு?"

சொன்னேன். அவள் "அம்மாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதன்பிறகு இரண்டு வாரம் நான் குரல் அனுப்பவில்லை. படத்தைத் திறக்கவே கை கூசியது. அண்ணாச்சி தினமும் ஆபீஸ் வாசல் வரை வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். பன்னிரண்டாம் நாள் உள்ளே வந்தார்.

"ஏத்தா, நான் இருவது வருஷத்துல எத்தன தரம் தப்பாச் சொல்லியிருப்பேன், தெரியுமா? வானத்த யாரு கொறை சொல்லுவா. நாளைக்குக் களத்துல நூறு தட்டு விரிக்கணும். பாத்துச் சொல்லு."

மறுநாள் தொடங்கினேன். ஒரு மாற்றம் மட்டும் செய்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் முதலில் படத்தின் நேரத்தைச் சொல்வேன். "இது பன்னெண்டு மணிப் படம். இதுக்கு மேல எனக்குத் தெரியாது." இன்றுவரை அப்படித்தான் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில், வழக்கம்போல ஒன்பது மாதம் முடிந்து, அவர் இறங்கி வந்தார். விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். மூன்று மாதம் வீட்டில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் போல முதல் சில நாட்கள் வினோதமாக இருந்தது. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும்போதும், ஒருவர் சொல்லி முடித்த பிறகு மற்றவர் ஒரு கணம் காத்திருந்தோம். குறுக்கே பேசிவிடக் கூடாது என்ற பழக்கம். மற்ற புருஷன் பெண்டாட்டி ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து சண்டை போடுவார்கள். எங்களுக்கு அது வரவில்லை. அத்தனை மரியாதையாக இருந்தோம்.

அந்த ஞாயிறு போனைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"அன்னைக்கு நான் அளுதுக்கிட்டு இருந்தேன். நீங்க வச்சுட்டீக."

அவர் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தார். "லைன் போச்சுன்னுதான் நெனச்சேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "கேட்டிருக்கணும்" என்றார்.

ஒருநாள் காலை நான் களங்களுக்குக் குரல் பதிந்துகொண்டிருந்தபோது அவர் கதவோரம் நின்று கேட்டார். கோடை மழைக்காலம் அது. மலையில் எங்கே மேகம் கூடுகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, யார் எப்போது அள்ள வேண்டும் என்று நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். போனை வைத்ததும் அவர் கேட்டார்:

"இப்படி நீ என்கிட்டப் பேசுனதே இல்லையே?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். முகம் தெரியாதவர்களிடம் தடங்கலில்லாமல் பேச வந்தது; இவரிடம் வரவில்லை. அது யாருடைய குற்றமும் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மே மாதம் அவர் திரும்பப் போனார். இப்போது இருக்கும் கப்பலில் இன்டர்நெட் வந்துவிட்டது. தாழ்வாகச் சுற்றுகிற சின்னச் சின்னச் செயற்கைக்கோள்கள் நிறைய விட்டிருக்கிறார்களாம். ஒன்று மறைவதற்குள் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். இடைவெளியே தெரிவதில்லை. முகத்தைப் பார்த்துப் பேசலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைகூடப் பேசுகிறார். பேச்சு என்னவோ முன்னைவிடக் குறைவுதான். வேலை, சாப்பாடு, அங்கே மணி என்ன, இங்கே மணி என்ன. பிறகு இரண்டு பேரும் திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். பின்னால் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மேகப் படமும் மாறியது. ஒரு நாள் திறந்தபோது நிறம் வேறாக இருந்தது. வேறு செயற்கைக்கோளின் படம் என்று போட்டிருந்தது. பழையது என்ன ஆயிற்று என்று தேடிப் படித்தேன். ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிந்தாலும், நிலாவும் சூரியனும் இழுத்துக்கொண்டே இருப்பதால் அது நகர்ந்துவிடுமாம். அவ்வப்போது கொஞ்சம் எரிபொருளைச் செலவழித்துத்தான் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். எரிபொருள் தீர்ந்துபோவதற்கு முன்னால், மற்றவற்றுக்கு இடைஞ்சல் இல்லாமல், இன்னும் முந்நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி விட்டுவிடுவார்கள். அதன்பிறகு அதை யாரும் கூப்பிடுவதில்லை. இதைப் படித்த அன்று ஆபீசில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. லாரிகள் நின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் களங்கள் கிடையாது. யாருக்கும் மேகம் தேவையில்லை. போன் பேசாமல் கிடக்கும். போன மாதம் ஒரு ஞாயிறு, பத்து மணி இருக்கும், பழக்கமில்லாத ஓர் எண்ணிலிருந்து ஒரு பெண் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள்.

"அக்கா, ஒங்க நம்பர எங்க போர்மேன்கிட்ட வாங்குனேன். தப்பா நெனச்சுக்கிறாதீக. இன்னைக்கு வடகம் போடலாம்னு இருக்கேன். மாவு கிண்டிட்டேன். வெயிலு நிக்குமாக்கா?"

யாரென்று தெரியவில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்டேன். சாத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னாள். படத்தைத் திறந்து, நேரத்தைப் பார்த்து, இரண்டு முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன்.

"இது ஒம்பதரை மணிப் படம். நாலு மணி வரைக்கும் தாராளமாப் போடும்மா" என்று அனுப்பினேன்.

மூன்று மணிவாக்கில் ஒரு போட்டோ வந்தது. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, வரிசை வரிசையாக வடகம். நல்ல வெயில். ஓரத்தில் அவள் நிழல் மட்டும் விழுந்திருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு மட்டும் காபி போட எழுந்தேன்.